ஹெப்சியின் தாய்மொழி

வேலைக்குக் கிளம்பிய ஜோஷ்வாவின் சட்டைக் காலரை மடித்துவிட்டதுதான் அவன் மனைவி ஸ்வரூபா அவனுக்குக் கடைசியாகச் செய்தது. சாயங்காலம் மாரடைப்பில் போய்விட்டாள்.

அடுத்த வருடம், மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆபிதா டீச்சர் எளாவூரில் அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, ஸ்வரூபாவின் அண்ணன் ரமணய்யாவும் ஆந்திரப் பக்கத்துத் தடாவிலிருந்து வந்திருந்தார்.

"பொண்ணு ஹெப்சிக்குத் தாய்மொழி?"

"தமிழ்," என்றான் ஜோஷ்வா.

"தெலுங்குன்னு எழுதும்மா. என் தங்கச்சி பெத்த பொண்ணு," என்றார் ரமணய்யா.

"இன்னா மச்சான், தமிழ்ல படிச்சிக்கினு இருக்கிற பொண்ணுக்கு எப்படித் தெலுங்கு?"

"உன்னை நைனான்னுதானே கூப்பிடுறா?"

"எளாவூர்ல பாதிப் பேரு அப்பாவை அப்படித்தான் கூப்பிடுறான். ஊரையே தெலுங்குன்னு எழுதிடலாமா?"

"என் தங்கச்சியோடது ஒண்ணாவது அவகிட்ட மிஞ்சட்டும், மாப்ள!" ரமணய்யாவின் குரல் உடைந்தது.

டீச்சர் குறுக்கிட்டாள். "சண்டை எதுக்கு? சின்ன வயசுல அம்மா பிள்ளைகிட்ட எந்த மொழியில பேசினாங்களோ, அதுதான் தாய்மொழி."

இருவரும் சட்டென்று ஹெப்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் ஏதோ காட்டினாள். ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

"என்ன சொல்றா?"

"நாங்க ரொம்பக் கத்துறோமாம்," என்றான் ஜோஷ்வா. "அவ அம்மாவுக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது, பேச்சும் வராது டீச்சர். இவகிட்ட கையாலதான் பேசுவா."

"அப்போ சைகை மொழின்னு எழுதிக்கவா?"

"அதையே எழுதும்மா," என்றார் ரமணய்யா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த வீட்டில் இப்போதும் சாப்பிட வரச்சொல்லி யாரும் குரல் கொடுப்பதில்லை. விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுகிறார்கள்.