கோமளாவின் கால்

கும்பகோணம் யானைகள் நல மன்றத் தலைவர் தங்கையன், யானை கோமளாவின் காலைக் குனிந்து பார்த்தார். தார் ரோட்டில் நின்று நின்று பாதம் வெடித்துச் சீழ் வைத்திருந்தது.

"எப்ப ஆறும் டாக்டர்?"

"மண்தரையில நிறுத்தி, தினம் மருந்து வச்சா ஒரு மாசத்துல ஆறிடும் சார்" என்றாள் கவிப்ரியா.

அவர் முகம் வாடியது. "ஒரு மாசமா?"

"கவலைப்படாதீங்க, நல்லா நடப்பா."

வாயில்லாத ஜீவனுக்காக இப்படிக் கலங்குகிறாரே என்று அவளுக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று.

தங்கையன் அவளைத் தனியே அழைத்தார்.

"நம்ம விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அமைச்சர் ரெண்டு மாசம் கழிச்சுதாம்மா வர்றாரு. அதுக்குள்ள ஆறிப்போச்சுன்னா மேடையில எதைக் காட்டிப் பேசுறது? கூட்டம் முடியட்டும், மறுநாளே மருந்தை ஆரம்பிச்சிடுங்க."