ஆறாவது கையெழுத்து

பேனா அவளிடம் வந்துவிட்டது.

ஐந்து பேர் போட்டாயிற்று. ஆறாவது கட்டம் காலி.

கட்டத்துக்கு நேரே அவள் பெயரை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். முப்பிடாதி, ராட்டின இயக்குநர், பாதுகாப்புக் குழு உறுப்பினர். தென்காசிப் பக்கத்து இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் அவளுக்கு எட்டு வருஷ வேலை. நிர்வாகம் அவள் பெயரைப் பிழையில்லாமல் அடித்தது இதுதான் முதல் தடவை.

காரியம் ஆக வேண்டுமென்றால் எழுத்தெல்லாம் தானாகத் திருந்திவிடும் போல.

காரியம் என்னவென்றால் ரோப் கார். கார் நிறுத்துமிடத்தில் கிளம்பி, ஏரிக்கு மேலே போய், அக்கரையில் ரிசார்ட் வாசலில் இறக்கிவிடும். நாற்பது பெட்டி. பெட்டிக்கு எட்டுப் பேர். குழுவில் ஆறு பேரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால்தான் அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும்.

குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டுமாம். வாயில்லாப் பூச்சியாக ஒருத்தியைப் பார்த்துப் போடுங்கள் என்றாராம் முதலாளி தணிகாசலம். பார்த்துப் பார்த்து இவளைப் போட்டார்கள்.

அங்கேதான் கோட்டை விட்டார்கள்.

காலையில் சுவரில் படம் காட்டினார்கள். பெட்டிகள் சொகுசாக மிதந்து போயின. உள்ளே பிள்ளைகள் கையசைத்தன. கீழே ஏரி. கரையெல்லாம் தென்னை.

படத்தில் ஒரு தென்னைகூட ஆடவில்லை.

ரோப் கார் வேண்டாம் என்று அவள் சொல்லவே இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜனங்கள் வெயிலில் ஏரியைச் சுற்றி நடப்பதை அவளும் தினம் பார்க்கிறாள். கேட்டது ஒன்றே ஒன்று.

"காத்து அடிச்சா என்ன சார் செய்வீங்க?"

"தானா நின்னுடும்மா. சென்சார் இருக்கு" என்றார் ரோப் கார் கம்பெனி இன்ஜினியர் நிரஞ்சன்.

"நிக்கும் சார். உள்ள இருக்கவங்கள எப்படி எறக்குவீங்க?"

"மீட்புக் குழு வரும்."

"எங்கேருந்து?"

நிரஞ்சன் தொண்டையைச் செருமினார். "கோயம்புத்தூர்லேருந்து."

ஏழு மணி நேரப் பயணம். மலையிடுக்கில் கிளம்பும் காற்றுக்கு ஏழு நிமிஷமே அதிகம். ஆடி மாதத்தில் ராட்டினத்தை அவள் ஒரு நாளைக்கு நாலு தடவை நிறுத்துகிறாள். கூடவே கரண்டும் போய்விட்டால் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு பெட்டியாகத் தரைக்குக் கொண்டுவருவாள். போன ஆடியில் அப்படி முப்பத்திரண்டு பேர். கடைசியாக இறங்கிய புதுமணப்பெண் அவள் மேலேயே வாந்தி எடுத்துவிட்டு, அவளையே கட்டிக்கொண்டு அழுதாள். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

"இங்கனயே பத்துப் பேருக்குப் பழக்கி வையுங்க சார். ஆடி, ஆவணி ஓட்டாதீங்க. அதை எழுதித் தாங்க, இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

தணிகாசலம் சிரித்தார்.

"சாரல் சீசனே அப்பதாம்மா. அப்ப ஓட்டாம வேற எப்ப ஓட்டுறது?"

மற்ற நாலு பேரும் கூடவே சிரித்தார்கள். அவள் பக்கத்தில் இருந்த எலக்ட்ரீஷியன் பால்ராஜ் மட்டும் சிரித்துக்கொண்டே முழங்கையால் இடித்தார்.

"பேசாம போட்டுரு தங்கச்சி. திங்கக்கெழம ஒனக்கு கான்ட்ராக்ட் முடியுது."

தெரியும். புதுப்பிக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அது தெரியாமலா உட்கார்ந்திருக்கிறாள்? பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் ஒரு பிடி தூக்கலாக இருந்தது. நாலு பேர் சிரித்தால் கேள்வி இல்லாமல் போய்விடுமா?

ராட்டின ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு.

காலையில் எல்லாம் சரி என்று பதிவேட்டில் எவர் கையெழுத்துப் போடுகிறாரோ, அவர்தான் முதல் சுற்றில் ஏற வேண்டும். தனியாக. உச்சியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எட்டு வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூட அவள் தொட்டுப் பார்க்காமல் விட்டதில்லை. விடுவாளா? மேலே போகப்போவது அவள் உயிர் அல்லவா.

பேனா மூடியைக் கழற்றினாள்.

முதலாளியின் முகம் மலர்ந்தது. எல்லோருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. மேசையில் கிடந்த ஸ்கேலை இழுத்து வைத்து, கையெழுத்துகளுக்கு வலப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டாள். அவசரமே படவில்லை. புதிதாகப் பிறந்த கட்டங்களின் தலையில் எழுதினாள்.

ஆடிக் காற்றில் முதல் பெட்டியில் ஏறுபவர்.

"அடியாத்தீ" என்றார் பால்ராஜ், வாய்க்குள்ளேயே.

தாளை, அது கைமாறி வந்த வழியே அவள் திருப்பி அனுப்பவில்லை. எழுந்து போய், மேசையின் தலைமாட்டில் இருந்த தணிகாசலத்தின் முன்னால் வைத்தாள். குழுத் தலைவர் அவர்தான். முதல் கையெழுத்தும் அவருடையதுதான்.

"எங்க ராட்டினத்து வழக்கந்தான் சார். கையெழுத்துப் போட்டவங்க மொதல்ல ஏறுவோம். நீங்க எழுதுங்க, ஒங்க எதிர் சீட்டுல நானும் வாரேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் தணிகாசலம். சட்டைப்பையிலிருந்து தன் சொந்தப் பேனாவை எடுத்தார். தாளை நேராக வைத்துக்கொண்டார். 'த' எழுதினார்.

பேனா அங்கேயே நின்றது.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமானாலும் நிற்பதாகத்தான் இருந்தாள்.

தணிகாசலம் தலையைத் தூக்காமலே நிரஞ்சன் பக்கம் சாய்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"கீழே ஏரி எவ்ளோ ஆழம் இருக்கும்?"