சாரைப் பார்க்க வேண்டும்

"சாரைப் பார்க்காம நகர மாட்டேன்மா" என்று சோபாவில் சட்டமாக உட்கார்ந்துவிட்டான் என்ஜினியர்.

சாரின் வீட்டுக்காரம்மா பாத்திரம் தேய்த்த கையோடு நின்றாள். "அவர் யாரையும் பார்க்கறதில்லை தம்பி. மெயில்ல கேளுங்க, பதில் வரும்."

"டாண்ணு வருதும்மா. எல்லாரும் எடுத்துக்கட்டும்னு ப்ராசஸர் டிசைனையே சும்மா தூக்கிக் கொடுத்த மனுஷனாச்சே! எங்க கம்பெனி அதை வெச்சுத்தான் சிப் பண்ணப் போகுது. ஆனா, டிசைன் பண்ணவரை நேர்ல பார்த்து இந்த ஃபாரத்தை நிரப்பணும்னு மேலிடம் ஒத்தைக் கால்ல நிக்குது."

அவள் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இதையாவது உள்ளே போய்க் கேட்டுச் சொல்லுங்க. எங்க சோதனையில பெரிய புரோகிராம் ஓடினா நடுவுல திணறுது."

அவள் உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்:

"மெமரிக்குக் காத்திருக்கிற வரிசையில எட்டு இடம்தான் இருக்கு. பதினாறா மாத்துங்க, சரியாப் போயிடும்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப இத்தனை நாளா எனக்குப் பதில் எழுதினது...?"

"நான்தான். அவர் தவறி மூணு வருஷமாச்சு. கேக்க ஆளில்லாத டிசைனை எந்தக் கம்பெனியும் தொடாதுன்னு புலம்பிட்டே இருப்பார். அதான் அவர் நோட்டையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அவர் இல்லைன்னு சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?"

அவன் ஃபாரத்தை எடுத்து, 'வடிவமைத்தவரை நேரில் சந்தித்தீர்களா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வாசலில் செருப்பை மாட்டியவன் திரும்பிப் பார்த்தான்.

"சாரை விசாரிச்சதாச் சொல்லுங்கம்மா."

"சொல்றேன் தம்பி" என்றாள்.