எவ்வளவு தருவீங்க?

"ரெண்டாயிரம்!" என்றார் சித்தப்பா, அச்சு இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி.

"நான் ரெண்டாயிரத்து ஐநூறு!" என்றார் காகிதம் வெட்டும் கட்டிங் மாஸ்டர்.

"உசுருக்கு விலை உண்டாய்யா? எனக்கு மூவாயிரம்னு போட்டுக்கம்மா!" என்று பைண்டர் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்.

அவளுக்கு உற்சாகம் தலைக்கேறியது. பல்கலைக்கழகத்தில் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வே இதுதான். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க, ஐம்பது தாண்டிய ஆண்கள் தங்கள் கையிலிருந்து எவ்வளவு தருவார்கள்? ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அவளோ அச்சகத்தின் நடுக்கூடத்தில் நின்று எல்லோரையும் ஒன்றாகக் கேட்டுத் தொலைத்தாள். கேள்வி ஏலமாகிவிட்டது.

ஆய்வெல்லாம் ஒரு சாக்குதான். அப்பா அந்த நோயில்தான் போனார். தெரிய வந்தபோது எலும்பு வரை பரவியிருந்தது. அவருக்கு ஒரே தம்பி, இந்தச் சித்தப்பா. அண்ணனுக்கு வந்தால் தம்பி கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியும், 'நாளைக்கு, நாளைக்கு' என்றே பாடிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி வெளியே வந்தார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர்.

"நீங்க எவ்வளவு சார் தருவீங்க?"

"சல்லிக்காசு தரமாட்டேன்."

"சார்?"

"எனக்கு அது தேவையே இல்லம்மா. அடுத்த ஆளைக் கேளு."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மெஷினுக்கு மாசாமாசம் சர்வீஸ் பண்றீங்க. லேசா முனகினாலே மெக்கானிக்கைக் கூப்பிடறீங்க. உங்க உடம்புன்னா மட்டும் அலட்சியமா? நாளைக்கு ஏதாவதுன்னா வீட்ல இருக்கறவங்கதான் அனுபவிக்கணும். எங்கம்மா பட்டதைப் பார்த்தவ நான்!"

"உங்கண்ணன் பொண்ணுக்கு நாக்கு சாட்டைதான்யா" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு முதலாளி தாள்கட்டுகள் பக்கம் நகர்ந்தார்.

"விடு கண்ணு, பணக்காரப் புத்தி" என்று சித்தப்பா அவள் காதைக் கடித்தார். "நான்தான் ரெண்டாயிரம் சொல்லிட்டேன்ல?"

"சொன்னா போதாது சித்தப்பா. வாசல்ல லேப் வண்டி நிக்குது. முந்நூறுதான் கேக்கறாங்க. கையில ரத்தம் எடுக்கறதோட சரி. வாங்க!"

யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

"நான் சாப்பிட்டுட்டேனே!" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"சாப்பிட்டாலும் எடுக்கலாம் மாஸ்டர்."

"அப்படியா? அப்ப... பிளேடு மாத்தணும்."

மூவாயிரம் சொன்ன பைண்டர், அடிக்காத போனை எடுத்து "ஹலோ, ஹலோ" என்றபடி பின்கட்டுக்கு நழுவினார்.

"மாசக் கடைசிடா கண்ணு" என்றார் சித்தப்பா.

"நான் கட்டறேன்."

"காசு இல்லடா விஷயம்." குரல் இறங்கியது. "இருக்குன்னு வந்துட்டா? அந்த இடத்துல கத்தி வெச்சா அப்புறம் ஆம்பளைன்னு சொல்லிக்க முடியுமா? நாலு பேர் சிரிப்பாங்க."

"அப்பாவைத் தூக்கிட்டுப் போனப்ப எந்த நாலு பேர் சிரிச்சாங்க?"

சித்தப்பா கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவள் கண்ணில் நீர் முட்டியது. இந்த மனிதரையும் தூக்கிக் கொடுக்கத்தான் வேண்டுமா?

அப்போது முதலாளி திரும்பி வந்தார். சித்தப்பாவின் தோளில் கைபோட்டு, தாள்கட்டுகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், காதில் என்னவோ சொன்னார்.

சித்தப்பா அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். திரும்ப எதையோ கேட்டார். முதலாளி பதில் சொன்னதும், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, தொழிலாளியும் முதலாளியும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"எங்க அந்த வண்டி?" சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார் சித்தப்பா. போகிற போக்கில் கட்டிங் மாஸ்டரின் காலரைக் கொத்தாகப் பிடித்தார். "வாய்யா ரெண்டாயிரத்து ஐநூறு!"

பின்கட்டிலிருந்து பைண்டர் வந்தார். அச்சகத்தின் சரக்கு வண்டி ஓட்டுபவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் காதிலும் முதலாளி அதையே ஓதினார். கேட்டவர் ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் வரிசையில் நின்றார். முதலில் இறங்கிய சித்தப்பா, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, பரிசு வாங்கிய பையன் மாதிரி பல்லைக் காட்டினார். அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

குதிக்கவிடாமல் கோபம் மறுபடி வந்தது.

"என்ன சொக்குப்பொடி போட்டீங்க சார்? சம்பளத்துல கை வைப்பேன்னு மிரட்டினீங்களா?"

"அட, இல்லம்மா."

"அத்தனை பேரையும் வண்டியில ஏத்தியாச்சு. ஊருக்குத்தான் உபதேசம், இல்ல? உங்க சட்டைக் கை மட்டும் ஏன் சார் மடியல?"

முதலாளி பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லக் கூச்சப்பட்டுட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் இவனுங்ககிட்ட வாயைத் திறந்தேன். போன வருஷம் மெஷின் பார்க்க வெளியூர் போறேன்னு போனேனே, அது ஆஸ்பத்திரிக்கும்மா. சீக்கிரம் கண்டுபிடிச்சதால புராஸ்டேட்டையே எடுத்துட்டு அனுப்பிட்டாங்க. இல்லாத ஒண்ணுல நோய் வந்திருக்கான்னு பார்க்க யாராவது காசு குடுப்பாங்களா?"