இரண்டாவது கார்டு

மருந்துக் கடைக் கண்ணாடியில் மதிய வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. வேன் டிரைவர் கார்டை மெஷினில் செருகிவிட்டு அதையே பார்த்தபடி நிற்கிறான். பக்கத்தில் மனைவி, அவள் தோளில் மகள். ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் நெஞ்சு உள்ளே இழுத்து விசிலடிக்கிறது. மெஷின் இரண்டு முறை கத்துகிறது. “லிமிட் முடிஞ்சிருச்சுண்ணே” என்று கடைக்காரப் பெண் மெதுவாகச் சொல்கிறாள். இன்ஹேலர் பெட்டி இன்னும் அவள் கைக்கடியில்தான் இருக்கிறது. “மாசாமாசம் ஒழுங்காத்தானே கட்டுறீங்க?” என்கிறாள் மனைவி. “பில்லுல மினிமம்னு போட்டிருந்த தொகையை மட்டும்தாம்மா கட்டினேன். மீதிக்கெல்லாம் வட்டி ஏறிக்கிட்டே இருந்திருக்கு. எனக்குத் தெரியல.” அவன் பர்ஸின் உள்மடிப்பிலிருந்து இன்னொரு கார்டை உருவுகிறான். புத்தம் புதுசு. அவள் அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். “இது எதுக்கு வாங்கினீங்க?” “அந்தக் கார்டுக் கடனை அடைக்கத்தான்.” அவள் பிடி இறுகுகிறது. குழந்தை இருமி இருமி அவள் கழுத்தில் முகம் புதைக்கிறது. அவள் கையை விட்டுவிடுகிறாள். “போடுங்க” என்கிறாள், அவனைப் பார்க்காமல். மெஷினிலிருந்து சீட்டு நெளிந்து வருகிறது. அதற்குள் மனைவி பெட்டியைப் பிரித்துக் குழந்தையின் வாயில் இன்ஹேலரை வைத்துவிட்டாள். அவன் சீட்டை மடிக்கிறான், மறுபடியும் மடிக்கிறான், இனி மடிக்கவே முடியாது என்கிற வரைக்கும்.