சாணைக்கல் சத்தம்

பின்கட்டுப் பட்டறையில் சாணைக்கல் சுற்றும் சத்தம் கேட்டதுமே அவள் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

அவள் கணவர் செய்வதெல்லாம் மேடையில் மரியாதைக்குக் கொடுக்கிற அலங்காரக் குறுவாள்கள். பிடியில் குதிரைத்தலை, கத்தி அலகில் தங்கக்கம்பி பதித்த கொடி வேலைப்பாடு. பார்க்க அம்சமாக இருக்கும், வெண்ணெயைக்கூட வெட்டாது. கூர் வைக்கிற வழக்கமே கிடையாது. மெருகு போட்ட பிறகு அலகைக் கல்லிலேயே வைக்க மாட்டார்கள்.

அப்புறம் எதற்கு இப்போது சாணை?

நேற்று நடந்தது கண்முன் வந்து நின்றது. "கொடி கோணலா இருக்கு, பிரிச்சுட்டு மறுபடி பதி" என்று சொன்ன பாவத்துக்கு, கூட வேலை பார்க்கிற அவள் தம்பி, மாமா என்றும் பாராமல் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். மற்றவர்கள் அவனை இழுத்து வந்து அவர் காலில் விழ வைத்தார்கள். மனுஷன் பாட்டுக்கு எழுந்து போய்விட்டார். ராத்திரி சாப்பிடவும் இல்லை. கத்தித் தீர்த்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்!

தம்பியும் மற்ற பட்டறை ஆட்களும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவசரமாகத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், இன்னைக்குப் பட்டறைக்குத் திரும்பி வராதே. அக்கா சொல்றேன், கேளு!"

"ஏன், மாமா என்னை வெட்டிடுவாரா? இதோ, வந்துட்டே இருக்கேன்."

போனை வைத்துவிட்டான், கடன்காரன். பட்டறைக்கு ஓடினாள்.

"என்னங்க! புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டான். அவனை விட்டுடுங்க!"

"உள்ளே போ. அவன் வர்றதுக்குள்ள முடிச்சாகணும்."

ஐயையோ! பாய்ந்து இரண்டு கையாலும் அலகைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி!"

விடவில்லை. ரத்தம் வரப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வரவில்லை. உள்ளங்கையில் கீறல்கூட இல்லை.

"என்னங்க இது?"

"அலகோட கூரை மழுக்கிட்டேன். முனை மட்டும்தான் பாக்கி."

"இதுக்கு யாரு கூர் வச்சது?"

அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் தம்பி பையை நகர்த்தினேன். உள்ளே இது இருந்துச்சு, தொட்டா அறுக்கிற மாதிரி."

அவள் அலகை முந்தானையால் மூடினாள். "பாவி! இதை எங்கேயாவது ஒளிச்சு வைங்க!"

"ஒளிச்சா வேற கத்தி தேடுவான். இது அவன் பையிலேயே இருக்கட்டும். ஆத்திரத்துல குத்தினாலும், உனக்குப் புருஷனும் மிஞ்சுவான், தம்பியும் மிஞ்சுவான்."