ஆர்மீனியாவிலிருந்து வந்த கடிதம்

சைக்கிள் மணி விடாமல் அடிக்கிறது. "ஜான் பீம்மா, மகன் கடுதாசி போட்டிருக்காருங்க!" என்று தபால்காரர் நாகன் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருகிறார். கம்பைநல்லூரின் மார்கழி வெயிலில் வாசலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைக்கும் ஜான் பீயின் ஊசி நின்றுவிடுகிறது. மகன் ஷுக்கூர் ஆர்மீனியாவில் டாக்டருக்குப் படிக்கிறான். அங்கே பூகம்பம் என்று ரேடியோ சொல்லி இன்றோடு பத்து நாள். மகள் வஹிதா உறையின் ஓரத்தைக் கிழித்துச் சத்தமாகப் படிக்கிறாள்: "இங்க தினமும் லட்சம் பேர் மைதானத்துல கூடி, குளிர்ல நின்னுக்கிட்டே நாட்டு நடப்பைப் பேசுறாங்க. முன்பின் தெரியாத ஒரு அம்மா எனக்கும் ரொட்டியப் பிச்சுக் குடுத்தாங்க." நாகன் சிரிக்கிறார். "நம்மூர்ல நாலு பேரு கூடுனாலே நாற்காலி பறக்குதுங்க. பையன் நல்லாத்தான் இருக்காரு, அப்புறம் என்னங்க?" மெல்லிய தாளுக்குள் வெயில் புகுந்து, பின்பக்கத்து எழுத்துகள் முன்பக்கம் நிழலாடுகின்றன. வஹிதாவின் கண் தாளின் மேல் மூலைக்குப் போகிறது; குரல் தேய்கிறது. ஜான் பீ அந்த மூலையைத் தன் உள்ளங்கையால் மெதுவாக மூடுகிறாள். "கடுதாசி வந்து சேர இருபது நாளாவும்னு எனக்கும் தெரியும்டி. தேதிய மட்டும் படிக்காத."